சாயப்பட்டறைக் குழாய்களுக்கு அடையாளமிடுவது: எந்த நியமம், எந்த இடம், எந்த வரிசை

நீங்கள் கேட்டிருப்பது இது. திருப்பூர்ப் பகுதியில் உள்ள உங்கள் சாயப்பட்டறைக்கு வந்த வெளிநாட்டு வாங்குநரின் தணிக்கையாளர், குழாய்களில் அடையாளம் இல்லை என்று குறையெழுதிச் சென்றிருக்கிறார். பெயின்ட் கான்ட்ராக்டர் இந்திய நியமப்படி வண்ணம் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஸ்டிக்கர் விற்பவர் அமெரிக்க நியமத்தைக் காட்டுகிறார். எதைப் பின்பற்றுவது, எங்கிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி.

இந்தியத் தர நியமமான ஐ.எஸ். 2379-ஐ அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் பெயரையும் அம்புக்குறியையும் அபாயக் குறியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். ஆனால் ஒரு டப்பா பெயின்ட் வாங்குவதற்கு முன்பாகவே, ஆலையில் உள்ள ஒவ்வொரு லைனையும் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை நடந்து பார்த்து, உள்ளே என்ன ஓடுகிறது என்பதை உறுதி செய்ய வேண்டும். கான்ட்ராக்டரும் விற்பனையாளரும் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள், ஏனென்றால் அது அவர்களால் செய்ய முடியாத வேலை. உங்கள் ஆட்களால் மட்டுமே செய்ய முடிந்த வேலையும் அதுதான்.

இது ஏன் அத்தனை முக்கியம் என்பதற்கு, உங்கள் ஆலையில் இருக்கும் அதே இரண்டு ரசாயனங்களால் நேர்ந்த ஒரு விபத்தைச் சொல்கிறேன். 2016 அக்டோபர் 21 அன்று, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் அட்சிசன் என்ற ஊரில் உள்ள எம்.ஜி.பி. இன்கிரீடியன்ட்ஸ் ஆலைக்கு டேங்கரில் சல்ஃபூரிக் ஆசிட் வந்தது. ஆபரேட்டர் ஆசிட் லைனின் மூடியில் இருந்த பூட்டைத் திறந்துவிட்டுச் சென்றார். பக்கத்தில் இருந்த சோடியம் ஹைப்போகுளோரைட் (ஹைப்போ) லைனின் மூடியும் பூட்டப்படாமல் இருந்தது. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தன, தெளிவான அடையாளம் இல்லை, இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி 18 அங்குலம். டிரைவர் ஹோஸைத் தவறான லைனில் மாட்டிவிட்டார். ஆசிட் ஹைப்போ டேங்குக்குள் போனதும் குளோரின் கலந்த நச்சுப் புகைமண்டலம் எழுந்து ஊருக்குள் பரவியது. 140-க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி நாடினர். ஏறத்தாழ 11,000 பேர் வீட்டுக்குள்ளேயே இருக்கவோ ஊரைவிட்டு வெளியேறவோ வேண்டியதாயிற்று. இதை விசாரித்த அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம், ஒன்றுபோலத் தோன்றிய, சரியாகக் குறிக்கப்படாத அந்த இணைப்புகளையும் அவை அத்தனை நெருக்கமாக இருந்ததையும் காரணங்களாகப் பதிவு செய்தது. வெளுப்பதற்கு ஹைப்போவும் கழிவுநீரின் காரத்தன்மையைக் குறைக்க ஆசிட்டும் வைத்திருக்கும் எந்தச் சாயப்பட்டறையிலும் இது நடக்கலாம்.

இனி நியமங்களைப் பார்ப்போம். ஐ.எஸ். 2379-இன் இப்போதைய வடிவம் 1990-இல் வந்தது. அது குழாயின் உள்ளடக்கத்தைப் பெரிய வகைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிப்படை வண்ணம் தருகிறது. தண்ணீருக்குக் கடற்பச்சை, நீராவிக்கு அலுமினிய வண்ணம், எண்ணெய்களுக்கும் எரியக்கூடிய திரவங்களுக்கும் வெளிர் பழுப்பு, ஆசிட்டுகளுக்கு அடர் ஊதா, காரங்களுக்குப் புகைச் சாம்பல், காற்றுக்கு வான்நீலம், வாயுக்களுக்கு மஞ்சள், மற்ற திரவங்களுக்குக் கறுப்பு. ஒரே வகைக்குள் இருக்கும் வெவ்வேறு பொருள்களைப் பிரித்துக்காட்ட, அடிப்படை வண்ணத்தின்மேல் வேறு வண்ணப் பட்டைகள் வரும். குடிநீருக்கும் குளிர்விப்பு நீருக்கும் அடிப்படை ஒன்றே, பட்டை வேறு. அபாயமான பொருள் ஓடும் குழாயில் கறுப்பும் பொன்மஞ்சளும் மாறிமாறி வரும் சாய்வுக் கோடுகளைச் சேர்க்க வேண்டும்.

அமெரிக்க நியமமான ஏ.எஸ்.எம்.இ. ஏ13.1 வேறு வழியில் போகிறது. 2007-இல் திருத்தப்பட்டதிலிருந்து அதன் வண்ணம் பொருளின் வகையைவிட அபாயத்தின் வகையைச் சொல்கிறது. தீப்பற்றக்கூடியவற்றுக்கும் ஆக்சிஜனேற்றிகளுக்கும் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து, நச்சுப் பொருளுக்கும் அரிக்கும் பொருளுக்கும் ஆரஞ்சில் கறுப்பு, தீயணைப்பு நீருக்குச் சிவப்பில் வெள்ளை, மற்ற நீருக்குப் பச்சையில் வெள்ளை, அழுத்தக் காற்றுக்கு நீலத்தில் வெள்ளை என்று அது போகும். பிரிட்டனின் பி.எஸ். 1710 நியமம் மூன்றாவது வகை. அதில் ஆசிட்டுக்கும் காரத்துக்கும் சேர்த்து ஊதா ஒன்றுதான். காஸ்டிக்கும் (சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) ஆசிட்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் ஆலைக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. அந்த இரண்டையும் பிரித்துக்காட்டுவது நம் நியமத்தின் பெரிய நன்மை.

ஆகவே எந்த நியமம் உயர்ந்தது என்ற வாதத்தைவிட, ஒரே ஆலைக்குள் இரண்டு நியமங்கள் கலக்காமல் பார்த்துக்கொள்வது அவசியம். இந்திய முறையில் மஞ்சள் என்றால் ஏதோ ஒரு வாயு. அது நைட்ரஜனாகவும் இருக்கலாம். அமெரிக்க முறையில் மஞ்சள் என்றால் தீ அபாயம். பாய்லர் பகுதியை ஒரு கான்ட்ராக்டர் ஒரு முறையிலும் சாய மெஷின் பகுதியை இன்னொருவர் மற்றொரு முறையிலும் செய்துவிட்டால், அந்த ஆலை அடையாளமே இல்லாத ஆலையைவிட ஆபத்தானது. அடையாளம் இல்லாத குழாயின் முன் தொழிலாளி தயங்கி நிற்பார். தவறான அடையாளத்தை நம்பிக் கையை வைத்துவிடுவார்.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். இந்தியத் தர நியமங்கள் பொதுவாக விருப்பத்தின்பேரில் பின்பற்றப்படுபவை. ஒரு சட்டமோ உரிம நிபந்தனையோ வாங்குநருடனான ஒப்பந்தமோ அவற்றைச் சுட்டும்போதுதான் அவை கட்டாயமாகின்றன. ஆனால் தகவல் தரும் கடமை தனியானது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், போபால் பேரழிவுக்குப் பிறகு 1987-இல் சேர்க்கப்பட்ட 41பி பிரிவு, அபாயகரமான செய்முறை கொண்ட ஆலைகள் தங்கள் தொழிலாளர்களுக்கு ஆபத்துகளையும் தற்காப்பு முறைகளையும் தெரிவித்தாக வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்தக் கடமை இடம்பெற்றிருக்கிறது. உங்கள் ஆலை அபாயகரமான செய்முறை கொண்டவற்றின் பட்டியலுக்குள் வருகிறதா என்பதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வராது என்று பதில் கிடைத்தாலும் நான் மேலே சொன்ன டேங்கர் விபத்து உங்கள் ஆலையில் நிகழாது என்று பொருளாகாது.

இப்போது லைன் பார்க்கும் வேலைக்கு வருவோம். திருப்பூர் ஆலைகளில் இது மற்ற இடங்களைவிடக் கடினம், அதற்குக் காரணமும் உண்டு. கழிவுநீரை முழுமையாக மறுசுழற்சி செய்யாத சாயப்பட்டறைகளை மூடச்சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்ட பிறகு, ஒவ்வொரு ஆலையும் ஏற்கெனவே இருந்த குழாய்களுக்கு மேலும் இடையிலும் புதிய லைன்களை இழுத்தது. சுத்திகரித்த நீர், ஆர்.ஓ. நீர், ஆர்.ஓ.-வில் ஒதுங்கும் ரிஜெக்ட், உப்புக் கரைசல், ஆவியாக்கியில் ஆவி குளிர்ந்து நீராகத் திரும்பும் கண்டன்சேட் என்று ஐந்தாறு வகைத் தண்ணீர் ஒரே பைப் ரேக்கில் ஓடுகிறது. எல்லாவற்றையும் கடற்பச்சை அடித்துவிட்டால் நியமம் நிறைவேறியதுபோலத் தோன்றும். ஆனால் உப்புக் கரைசல் எது, மென்னீர் எது என்று எவருக்கும் தெரியாது. ஆலை தொடங்கியபோது வரைந்த வரைபடத்தில் இவற்றில் பாதி இருக்காது. ஆகவே வரைபடத்தைப் பார்த்து அடையாளம் இடக்கூடாது. கையில் வைத்துக்கொண்டு நடந்து அதைத் திருத்த வேண்டும்.

இருவர் இருவராக அனுப்புங்கள், ஒருவர் பராமரிப்பு ஆளாகவும் மற்றவர் அந்தப் பிரிவின் அனுபவமுள்ள ஆபரேட்டராகவும் இருக்கட்டும். பம்பிலிருந்தோ டேங்கிலிருந்தோ தொடங்கி, சுவரைத் தாண்டும்போதும் ட்ரெஞ்சுக்குள் இறங்கும்போதும் அது அதே குழாய்தானா என்று பார்த்து, ஒவ்வொரு வால்விலும் எண் எழுதிய தற்காலிக அட்டையைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு குழாய் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால், இதுவாகத்தான் இருக்கும் என்று யாரும் முடிவுகட்டக்கூடாது. "உறுதி செய்யப்படவில்லை" என்ற அட்டையைக் கட்டிவிட்டு, அடுத்த ஷட்டவுனில் அழுத்தத்தை இறக்கி, உரிய கவசங்களோடு திறந்து பார்க்க வேண்டும். முகர்ந்து பார்ப்பதும் கையில் சொட்டு விட்டுப் பார்ப்பதும் நம் ஆலைகளில் இன்றும் இருக்கின்றன. 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தண்ணீரைப் போலவே நிறமற்றது. காஸ்டிக் கரைசல் கையில் பட்டதும் எரியாமல் சற்று நேரம் கழித்தே தன் வேலையைக் காட்டும். இந்தப் பழக்கத்தை எழுத்துமூலமாகத் தடை செய்யுங்கள்.

பயன்பாட்டில் இல்லாத பழைய லைன்களும் கண்ணில் படும். அவற்றைக் கழற்றி எறிவதே நல்லது. உடனே முடியாவிட்டால் இரு முனைகளிலும் பிளைண்ட் ஃபிளாஞ்ச் (துளையில்லாத அடைப்புத் தகடு) போட்டு, பயன்பாட்டில் இல்லை என்று எழுதி வையுங்கள். பெராக்சைடு லைனில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். அது சிதைந்து ஆக்சிஜனை வெளியிடும் பொருள் என்பதால், மூடிய இரண்டு வால்வுகளுக்கு இடையே சிக்கினால் அழுத்தம் ஏறிக் குழாயையே பிளக்கக்கூடும். அப்படி எங்காவது அடைத்து வைக்கப்பட்டிருப்பதை லைன் பார்க்கும்போதே கண்டுபிடித்துவிட்டால், அடையாளமிடும் வேலைக்குச் செலவழித்த தொகை அந்த ஒரு கண்டுபிடிப்பிலேயே திரும்பிவிடும்.

வண்ணம் அடிக்கும்போது எல்லா ஆலைகளிலும் வரும் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் ரேக்கின்கீழ் நின்று மேலே பாருங்கள்: நீராவி லைனும் தெர்மிக் ஃப்ளூயிட் (வெப்பத்தைக் கொண்டுசெல்லும் எண்ணெய்) லைனும் ஒன்றையொன்று ஒட்டிப் போகும், இரண்டுக்கும் இன்சுலேஷன், இரண்டின்மேலும் அலுமினியத் தகடு. நியமப்படி நீராவிக்கு அலுமினிய வண்ணம் என்பதால் தெர்மிக் லைனும் நீராவி லைனாகவே தெரியும். உள்ளே ஓடுவதோ 200 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் இருக்கும் எண்ணெய். நீராவிக் கசிவு என்று நினைத்து ஃபிளாஞ்சை இறுக்கப் போகும் ஃபிட்டர் எதிர்கொள்வது தீ அபாயத்தை. தெர்மிக் லைனின் தகட்டின்மேல் சுமார் 2 மீட்டர் நீளத்துக்கு வெளிர் பழுப்பு அடித்து, அதன்மேல் "தெர்மிக் ஃப்ளூயிட்" என்ற பெயரையும் வெப்பநிலையையும் அம்புக்குறியையும் அபாயக் கோடுகளையும் போடுங்கள். நீராவி லைனிலும் பெயரோடு அழுத்தத்தை எழுதுங்கள். பாய்லரிலிருந்து வரும் லைனுக்கும் அழுத்தம் குறைத்த பிறகு மெஷினுக்குப் போகும் லைனுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

இன்சுலேஷன் இல்லாத குழாய்களுக்கு அடிப்படை வண்ணத்தை முழு நீளத்துக்கும் அடிக்க வேண்டும் என்பது நியமம். பட்டைகள் எங்கே வரவேண்டும் என்பதையும் அது சொல்கிறது: ஆலையின் எல்லைப் புள்ளிகள், லைன்கள் சந்திக்கும் இடங்கள், திசை திரும்பும் இடங்கள், வால்வுகளின் அருகில், சுவர்களின் அருகில், தொடங்கும் இடம், முடியும் இடம், வெளியே நீளமாக ஓடும் லைன்களில் 50 மீட்டருக்கு ஒன்று. உங்கள் கட்டடத்துக்குள் இந்த 50 மீட்டர் அதிகம். ஒரு லேபிளின் அருகில் நிற்பவருக்கு அடுத்த லேபிள் கண்ணில் பட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் 10 முதல் 15 மீட்டருக்கு ஒன்று தேவைப்படும்.

எழுத்தின் அளவுக்கு அமெரிக்க நியமத்தின் அட்டவணையை எடுத்துக்கொள்வதில் தவறில்லை, அது வண்ணத்தோடு மோதாது. 64 முதல் 150 மில்லிமீட்டர் வரை வெளிவிட்டம் உள்ள குழாய்க்கு 32 மில்லிமீட்டர் உயர எழுத்து, 200 முதல் 250 வரை 64 மில்லிமீட்டர், அதற்கு மேல் 89 மில்லிமீட்டர். 19 மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாயில் எழுத முடியாது, உலோக வில்லையைக் கட்டித் தொங்கவிடலாம். இன்சுலேஷன் உள்ள குழாயில் தகட்டின் வெளிவிட்டத்தைக் கணக்கில் எடுங்கள். தலைக்குமேல் ஓடும் குழாயின் உச்சியில் ஒட்டிய லேபிளை யாராலும் படிக்க முடியாது. கீழிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு நேராகப் பக்கவாட்டிலோ அடிப்பகுதியிலோ ஒட்ட வேண்டும்.

வண்ணம் மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் உடன்படுவதில்லை. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் பழுப்பும் சாம்பலும் ஊதாவும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும், ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது, சாயத்தூளும் பஞ்சும் படிந்த குழாயில் எந்த வண்ணமும் ஆறு மாதத்தில் மங்கும். பெயர்தான் கடைசிவரை நிற்கும். பெயரையும் உங்கள் ஆட்கள் வாயில் புழங்கும் சொல்லாக எழுதுங்கள். "காஸ்டிக்" என்றால் எல்லோருக்கும் தெரியும், சோடியம் ஹைட்ராக்சைடு என்று மட்டும் எழுதினால் ஸ்டோர் கீப்பருக்கு மட்டுமே தெரியும். உங்கள் ஆலையில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இரவு ஷிஃப்டில் பாதிப்பேராக இருந்தால், தமிழுடன் இந்தியிலும் பெயர் இருக்க வேண்டும். எழுத்தே படிக்காதவருக்காக, ரசாயன டிரம்களில் வரும் உலகப் பொதுவான அபாயப் படங்களைச் சேருங்கள். 2020-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 20560-1 நியமமும் பெயர், அம்புக்குறி, இந்த அபாயப் படங்கள் ஆகியவற்றை ஒரே லேபிளில் வைக்கிறது என்பதால், வெளிநாட்டுத் தணிக்கையாளருக்கும் அது எளிதில் புரியும்.

பெராக்சைடுக்கு எந்த வண்ணம் என்று நீங்கள் கேட்கக்கூடும், ஏனென்றால் நம் நியமத்தின் ஆசிட், காரம் என்ற வகைகளுக்குள் அது இயல்பாக அமராது. மற்ற திரவம் என்று கொண்டு கறுப்பு அடித்து, அபாயக் கோடுகளும், வட்டத்தின்மேல் சுடர் எரியும் ஆக்சிஜனேற்றிப் படமும், பெரிய எழுத்தில் பெயரும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சாய மெஷின்களைச் சுற்றியுள்ள குழாய்கள் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வெப்பமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின்மேல் நேரடியாக பி.வி.சி. ஸ்டிக்கர் ஒட்டினால், அதிலிருந்து கசியும் குளோரைடும் ஈரமும் சேர்ந்து காலப்போக்கில் உலோகத்தில் நுண்விரிசல் உண்டாக்கலாம். அங்கே குளோரைடு குறைந்த லேபிளைக் கேட்டு வாங்குங்கள், அல்லது ஸ்டீல் பட்டியில் பொறித்துக் கட்டுங்கள். கால்வனைஸ்டு குழாயில் உரிய பிரைமர் இல்லாமல் அடித்த பெயின்ட் உரிந்து விழும். வெயில் படும் இடத்தில் சாதாரண வினைல் வெளுத்துவிடும், புற ஊதாக் கதிரைத் தாங்கும் மேலுறை தேவை.

பணம் ஒரேயடியாகக் கிடைக்காது என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் டேங்கர் இறக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். வெளி ஆள் வந்து கைவைக்கும் இடம் அது ஒன்றுதான், மேலே சொன்ன அட்சிசன் விபத்தும் அங்குதான் தொடங்கியது. ஒவ்வொரு இணைப்பின் வாயிலும், டிரைவர் குனிந்து ஹோஸ் மாட்டும்போது முகத்துக்கு நேரே தெரியும்படி, பெயர்ப்பலகை இருக்கட்டும். ஆசிட்டுக்கும் ஹைப்போவுக்கும் இணைப்பின் அளவோ வகையோ வேறாக இருந்தால் தவறாக மாட்டவே முடியாது. அது எந்த லேபிளையும்விட வலிமையானது. இரண்டுக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள், தனித்தனிப் பூட்டும் தனித்தனிச் சாவியும் வையுங்கள், இறக்கி முடியும்வரை உங்கள் ஆபரேட்டர் அங்கே நிற்க வேண்டும் என்று விதி போடுங்கள். அடுத்து ரசாயன டேங்குகளிலிருந்து மெஷின் வரையிலான லைன்கள், பிறகு தெர்மிக், நீராவி, தீயணைப்பு நீர். தண்ணீர் லைன்களைக் கடைசியில் செய்யலாம். குடிநீர் மட்டும் விதிவிலக்கு: ஆர்.ஓ. நீரும் குடிநீரும் ஒரே ரேக்கில் போனால் அவற்றை முதல் கட்டத்திலேயே பிரித்துக் குறியுங்கள்.

வேலை முடிந்தபின் சரிபார்ப்பு வேண்டும், அதை அடையாளமிட்டவரே செய்யக்கூடாது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள பேங்க்ஸ்டவுன்-லிட்காம்ப் மருத்துவமனையில் 2016-இல் ஆக்சிஜன் என்று குறித்திருந்த வாயு முனையிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வந்தது. ஒரு பச்சிளம் குழந்தை இறந்தது, இன்னொன்று மூளை பாதிக்கப்பட்டது. நிறுவிய பிறகு உள்ளே வரும் வாயு எது என்று முறையாகச் சோதித்திருந்தால் அது அன்றே தெரிந்திருக்கும். உங்கள் ஆலையில் ரசாயன லைன் ஒவ்வொன்றையும், அடையாளமிட்ட குழுவில் இல்லாத ஒருவர் மறுமுனையிலிருந்து திரும்ப நடந்து பார்த்துக் கையெழுத்திடட்டும்.

பிறகு இதைக் காப்பாற்றுவது இருக்கிறது. பெரும்பாலான ஆலைகளில் தணிக்கைக்காகச் செய்த அடையாளம் இரண்டு ஆண்டுகளில் பொய்யாகிவிடுகிறது, ஏனென்றால் வெல்டர் வந்து லைனை மாற்றுவார், லேபிளை யாரும் மாற்றமாட்டார்கள். வேலை அனுமதிச் சீட்டின் அடியில் "லேபிள் மாற்றப்பட்டது, வரைபடம் திருத்தப்பட்டது" என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்து, அவை நிரப்பப்படாமல் சீட்டை முடிக்கவோ கான்ட்ராக்டரின் பில்லை அனுமதிக்கவோ கூடாது என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்குங்கள். மாதம் ஒருமுறை, சேர்ந்து சில வாரங்களே ஆன ஒரு தொழிலாளியை ஏதாவது ஒரு வால்வின் முன் நிறுத்தி, இதில் என்ன ஓடுகிறது, எங்கிருந்து எங்கே போகிறது, மேலே பட்டால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தடுமாறினால் அவரைக் கடியாமல், அந்த வால்வின் எண்ணைக் குறித்துக்கொண்டு அங்குள்ள லேபிளைச் சரிசெய்யுங்கள்.